பார்த்துக் கற்றுக்கொள் என்றால் போதுமா?

வாசகர் கேள்வி:

சேலம் பனங்காட்டில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். ஏழு பேர் வேலை செய்கிறார்கள். தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவனுக்கு ஐந்து மாதமாக வேலை பழக்கிவருகிறேன். வயது 20. சின்ன வயதிலேயே ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். பத்தாவது வரை படித்திருக்கிறான். வளையம் கோப்பதில் கை சுத்தம். ஆனால் டிசைன் மாறினால் அப்படியே உட்கார்ந்துவிடுகிறான். ‘கொஞ்சம் பார்த்துக்கோ’ என்று சொல்லிவிட்டுப் போனால், நான் வரும்வரை நிஜமாகவே பார்த்துக்கொண்டு இருக்கிறான். மெருகு மோட்டார் ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுகிறான். போன மாதம் வியாபாரி முன்னாலேயே ‘எடை குறையுது’ என்று சொல்லிவிட்டான். மற்ற ஆட்களுக்கு முணுமுணுப்பு. அவன் அம்மாவோ, ‘சம்பளமே வேண்டாங்க, வீட்டில் சும்மா இல்லாமல் இருந்தால் போதும்’ என்கிறார். இவனை வைத்துக்கொள்வது சரியா? எப்படித்தான் கற்றுக்கொடுப்பது?

பட்டறை உரிமையாளர், சேலம்

பதில்:

வணக்கம் ஐயா. ‘வளையம் கோப்பதில் கை சுத்தம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். ஐந்து மாதத்தில் ஒரு வேலை கைக்கு வந்துவிட்டது. அப்படியானால் அந்தத் தம்பியால் கற்றுக்கொள்ள முடியும். எங்கெல்லாம் தடுமாறுகிறார் என்று நீங்கள் எழுதியவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தேன். எல்லாமே வாய்விட்டுச் சொல்லப்படாத இடங்கள்.

பட்டறையில் வேலை பழகும் முறையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செவ்வாய்ப்பேட்டையிலும் பனங்காட்டிலும் பெரும்பாலோர் அப்பா பக்கத்திலோ மாமா பக்கத்திலோ உட்கார்ந்து பழகியவர்கள். பெரியவர் கை போகிற போக்கைப் பார்க்க வேண்டும். அவர் முகம் சுருங்கினால் எங்கேயோ தப்பு என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். ‘ம்’ என்று ஒரு மாதிரி சொன்னால் சரி, இழுத்துச் சொன்னால் பிரித்துத் திரும்பக் கோக்க வேண்டும். இந்தப் படிப்பில் பாதி கையில் இருக்கிறது, மீதிப் பாதி முகத்திலும் குரலிலும் இருக்கிறது. ஆட்டிசம் உள்ள பலருக்கு இந்த மீதிப் பாதி போய்ச் சேருவதே இல்லை. இது பிடிவாதமும் இல்லை, அலட்சியமும் இல்லை.

டைனா மர்ரே, வென் லாசன், மைக் லெஸ்ஸர் என்ற மூவர் 2005-இல் எழுதிய கட்டுரை ஒன்று, ஆட்டிசத்தைக் கவனத்தின் வழியாக விளக்குகிறது. நம்மில் பெரும்பாலோரின் கவனம் ஒரே நேரத்தில் நாலு பக்கம் பரவி நிற்கும். இவர்களுடையது ஒன்றில் ஆழமாகப் பதியும். அதிலிருந்து பிடுங்கி இன்னொன்றில் வைக்க நேரமும் சிரமமும் ஆகும். அந்தத் தம்பி உங்கள் கையைப் பார்த்தால் கையை மட்டும்தான் பார்ப்பார், அப்போது முகம் என்ன சொல்கிறது என்பது அவருக்குத் தெரியாது. டிசைன் மாறும்போது உட்கார்ந்துவிடுவதும் இதே காரணத்தால் இருக்கலாம். பழைய டிசைன் மனதில் முழுதாக இருக்கிறது, புதியதில் எங்கே தொடங்குவது என்று யாரும் காட்டவில்லை.

சரி, எப்படிக் காட்டுவது? முதலில் உங்கள் கையை நீங்களே பாருங்கள். செல்போனை மேசைமேல் நிறுத்தி, நீங்கள் வளையம் கோப்பதை வீடியோ எடுங்கள். பிறகு நிதானமாக ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு அசைவையும் ஒரு வரியாக எழுதுங்கள். ‘வளையத்தைத் திற, மாட்டு, மூடு’ என்று மூன்று வேலையாக நீங்கள் நினைத்திருப்பது, எழுதினால் ஒரு பக்கத்துக்கு வரும். வளையத்தின் வாயை விரித்துத் திறந்தால் வட்டம் கெட்டுவிடும், இரண்டு குறடால் பிடித்துப் பக்கவாட்டில் திருகித்தான் திறக்க வேண்டும். மூடும்போது வாயின் இரு முனையும் நேருக்கு நேர் முட்ட வேண்டும், இடைவெளி இருந்தால் பற்றவைப்பு நிற்காது. வாய் எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும், எந்த வளையத்துக்குப் பிறகு சலங்கை வர வேண்டும்... இதெல்லாம் பல வருஷப் பழக்கத்தில் உங்கள் விரலுக்குள் போய்விட்டது, அதனால் வாயில் வருவதில்லை. அந்தத் தம்பிக்கு அது வாயில் வர வேண்டும், இல்லையென்றால் கண்ணில் பட வேண்டும்.

கண்ணில் படுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். புதிய டிசைன் வரும்போது, ஒரு பலகையில் நாலைந்து துண்டுகளை ஆணியடித்து மாட்டுங்கள். முதல் துண்டில் முதல் கோப்பு மட்டும் முடிந்திருக்கட்டும், அடுத்ததில் இரண்டாவது கோப்பு வரை, கடைசியில் முழு டிசைன். முழுக் கொலுசை மட்டும் காட்டி ‘இதே மாதிரி செய்’ என்றால், நடுவில் என்ன நடந்தது என்பதை அவரே ஊகிக்க வேண்டியிருக்கும். நீளத்துக்கும் அப்படித்தான். 10 அங்குலம் என்றால், அந்த அளவுக்கு இரண்டு ஆணி அடித்த பலகை ஒன்று தனியாக இருக்கட்டும். ஜோடியில் இரண்டும் அந்த ஆணிகளுக்கு நடுவே ஒரே மாதிரி நிற்க வேண்டும் என்பது கண்ணால் பார்த்து முடிவு செய்யக்கூடிய விஷயம். ‘ஏறக்குறைய சரியா இருக்கா பாரு’ என்பது அப்படி இல்லை.

இது இன்று நேற்று வந்த யோசனை இல்லை. அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்ற ஆய்வாளர் 1972-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். எதுவும் வராது என்று ஊர் ஒதுக்கிவைத்திருந்த, அறிவுத்திறன் குறைபாடு உள்ள இளைஞர்களுக்கு 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுக்கொடுத்தார். பாகங்களை எடுக்க வேண்டிய வரிசைப்படியே தட்டில் அடுக்கிவைத்தார். ஒரு பிரிவினருக்கு மட்டும், பூட்டும்போது ஒவ்வொரு பாகத்திலும் தங்களைப் பார்த்திருக்க வேண்டிய பக்கத்தில் சிவப்பு வண்ணம் பூசிக் கொடுத்தார். வண்ணம் இருந்த பிரிவினர் மற்றவர்களைவிட வெகு விரைவாகக் கற்றுக்கொண்டார்கள். ஒருவர் கற்றுக்கொள்ளவில்லை என்றால் சொல்லிக்கொடுக்கும் விதத்தை மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதையே அதன்பின் அவர் ஊர் ஊராகப் போய்ப் பயிற்சியாகக் கொடுத்தார். ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளராக, நான் தொழிற்கூடங்களுக்குப் போகும்போது செய்வதும் பெரும்பாலும் இதுதான். ஆளை மாற்ற முயல்வதற்கு முன் தட்டையும் மேசையையும் மாற்றிப் பார்ப்பேன்.

அப்புறம் பேச்சு. ‘கொஞ்சம் பார்த்துக்கோ’ என்ற உங்கள் வார்த்தைக்கு அவர் செய்தது நேரான அர்த்தம். பார்த்துக்கொள்ளச் சொன்னீர்கள், பார்த்தார். ‘நான் வருவதற்குள் இந்த டப்பாவில் உள்ள வளையம் முழுவதையும் கோத்து முடி. முடிந்தால் அந்த நீல டப்பாவை எடு. வளையம் வளைந்துபோனால் தனிக் கிண்ணத்தில் போடு’ என்று சொல்லிப் பாருங்கள். என்ன செய்ய வேண்டும், எவ்வளவு, முடிந்ததும் அடுத்து என்ன, தப்பானால் என்ன. இந்த நாலும் ஒவ்வொரு முறையும் இருக்க வேண்டும். குறிப்பாகக் கடைசி இரண்டையும் நாம் யாருமே சொல்வதில்லை. அவர் பத்தாவது படித்தவர், ஆகவே ஒரு சீட்டில் எழுதியே கொடுத்துவிடலாம். ஏழு பேரும் ஏழு விதமாக வேலை ஏவ வேண்டாம். ஒருவர் மட்டும் சொல்லட்டும். நிதானமான ஒரு மூத்த கைக்காரரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர் என்றால், சொல்லிக்கொடுக்கப் போகும் நேரத்துக்கும் அவருக்குக் கூலி போடுங்கள். முணுமுணுப்பில் பாதி அங்கேயே அடங்கிவிடும். தன் வருமானத்தை விட்டு இன்னொருவருக்குக் கற்றுக்கொடு என்று சொன்னால் யாருக்கும் மனசு வராது, அதில் தவறும் இல்லை.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் ஊகத்துக்குக் கொஞ்சமும் இடம் வைக்காதீர்கள். பற்றவைத்த வெள்ளி, சிவப்புத் தணிந்த பிறகும் நெடுநேரம் சுடும், ஆனால் பார்க்க ஆறிய வெள்ளி மாதிரியே இருக்கும். மற்ற ஆட்கள் அடுத்தவர் கையை உதறுவதைப் பார்த்து அதைக் கற்றிருப்பார்கள். இவருக்கு அதை விதியாகவே சொல்ல வேண்டும்: ‘பற்றவைக்கும் மேசையிலிருந்து வரும் எதையும் இடுக்கியால்தான் எடுக்க வேண்டும், எப்போதும்.’ ஆட்டிசம் உள்ள சிலருக்குச் சூடும் வலியும் நமக்குத் தெரிவதுபோல் தெரியாது. சிலருக்கு மிக அதிகமாகத் தெரியும், சிலருக்குத் தாமதமாக. ஆசிட் தொட்டிக்கும் கேஸ் டார்ச்சுக்கும் தனித்தனி விதி வேண்டும், தரையில் கோடு போட்டுக் காட்டினால் இன்னும் நல்லது. இதோடு ஒன்று, இது எல்லா ஆட்களுக்குமானது: நீங்கள் வாங்கும் பற்றவைப்புப் பொடியில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இருந்தால், இல்லாத பொடிக்கு மாறுங்கள். அந்த மேசைக்கு மேல் புகை இழுக்கும் ஃபேன் எப்படியும் வேண்டும்.

மோட்டார் சத்தத்துக்கு வருகிறேன். நமக்கு இரைச்சலாகக் கேட்பது அவருக்கு உடம்பு வலி மாதிரி இருக்கலாம். வெளியே போவது அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி, அதற்குத் திட்ட வேண்டாம். மெருகு போடுவதை நாளுக்கு இரண்டு வேளை என்று நேரம் குறித்துவிட முடியுமா பாருங்கள். மோட்டார் போடும் முன் ஒரு வார்த்தை சொன்னாலே பாதிச் சிரமம் குறையும். காதை மூடும் இயர்மஃப் வாங்கித் தரலாம். ஆனால் அதை மாட்டிக்கொண்டு டார்ச் பக்கம் போகக் கூடாது, பின்னாலிருந்து யாராவது எச்சரித்தால் கேட்காது. அவரை உட்காரவைக்க மோட்டாருக்குத் தூரமாக ஒரு மூலையைத் தேடுங்கள். வாசல் திண்ணையில் தனியாக உட்காரவைத்துவிடாதீர்கள். அது ஒதுக்கிவைத்தது போல ஆகும், அவருக்கும் அது புரியும்.

அதையும் மீறி ஒரு நாள் அவர் உறைந்துபோய் நிற்கலாம், அல்லது கத்தலாம். அந்த நேரத்தில் கேள்வி கேட்காதீர்கள், கையைப் பிடித்து இழுக்காதீர்கள். மோட்டாரையும் ரேடியோவையும் நிறுத்திவிட்டு, கூட்டத்தை விலக்கி, நேரம் கொடுங்கள். அதற்கு முன் என்ன அறிகுறி தெரியும் என்பதை அவரிடமும் அம்மாவிடமும் நல்ல நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

திடீர் மாற்றங்களையும் முடிந்தவரை முன்கூட்டியே சொல்லுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை முதல் நாளே பேப்பரில் வந்துவிடுகிறது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு எத்தனை நாள் லீவு, தீபாவளி ஆர்டருக்கு எந்த வாரத்திலிருந்து இரவு வேலை, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. ஒரு காலண்டரில் எழுதி அவர் கண்ணில் படும் இடத்தில் மாட்டுங்கள்.

வியாபாரி விவகாரம் உங்களைச் சங்கடப்படுத்தியிருக்கும், புரிகிறது. ஆனால் அவர் சொன்னது பொய்யா? தராசில் பார்த்ததைச் சொன்னார். யாரிடம், எப்போது சொல்வது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. அதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவும் மாட்டார்கள். ‘எடையில் சந்தேகம் வந்தால் என்னிடம் மட்டும் சொல்லு, வெளியாள் போன பிறகு சொல்லு’ என்று சொன்னால் அவர் கேட்டுக்கொள்வார். கூடவே, சொன்னதற்கு நன்றியும் சொல்லுங்கள். கொடுத்த வெள்ளியும் திரும்பி வரும் கொலுசும் கிராம் கணக்கில் ஒத்துப்போக வேண்டிய தொழிலில், எடை குறைந்தால் வாயைத் திறக்கிற ஆள் உங்களுக்கு வேண்டும்.

இந்த இடத்தில் ஆட்டிசம் பற்றிய ஒரு பழைய எண்ணத்தை விட வேண்டியிருக்கிறது. இவர்களுக்கு அடுத்தவர் மனசு புரியாது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. ஆட்டிசம் உள்ளவரும் ஆய்வாளருமான டேமியன் மில்டன் 2012-இல் அதை மறுத்தார். புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, நமக்கும் அவர்கள் மனசு புரிவதில்லை என்றார். 2020-இல் கேத்தரின் கிராம்ப்டனும் உடன் ஆய்வாளர்களும் எட்டெட்டுப் பேராக வைத்து ஒரு கதையைக் காதோடு காதாகக் கடத்தவைத்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசை, அது இல்லாதவர்களின் வரிசைக்குச் சமமாகக் கதையைக் கொண்டுசேர்த்தது. இரு சாராரும் கலந்த வரிசைகளில்தான் கதை அதிகமாகச் சிதைந்தது. உங்கள் பட்டறை ஒரு கலந்த வரிசை. சிதையாமல் பார்த்துக்கொள்ளும் வேலை அவர் ஒருவருடையது மட்டும் இல்லை.

அதற்காக ஆட்களைக் கூட்டி ‘இவனுக்கு ஆட்டிசம்’ என்று அறிவித்துவிடாதீர்கள். அவருடைய உடல்நலக் குறிப்பைச் சொல்லும் உரிமை அவருக்குத்தான். ‘உனக்குச் சத்தம் ஆகாது, எழுதிக் கொடுத்தால் வசதி என்று மட்டும் சொல்லட்டுமா? ஆட்டிசம் என்ற பேரையும் சொல்லட்டுமா?’ என்று அவரிடமே கேளுங்கள். பெரும்பாலான சமயம் முதலாவது மட்டும் போதும்.

சம்பளம். இதில் நான் உறுதியாகவே சொல்கிறேன், தயவுசெய்து அம்மாவின் பேச்சைக் கேட்காதீர்கள். அவர் எத்தனை கதவுகளைத் தட்டி அலுத்துப்போய் அப்படிச் சொல்கிறார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. ஆனால் 20 வயது ஆள் கோத்த கொலுசு விற்கப்படுகிறது என்றால் அதற்குக் கூலி உண்டு. அதே டிசைனுக்கு மற்றவருக்கு என்ன பீஸ் ரேட்டோ அதேதான் அவருக்கும். பழகும் காலத்தில் மற்ற புதியவர்களுக்கு என்ன கொடுப்பீர்களோ, அதைவிட ஒரு ரூபாயும் குறையக் கூடாது. அவர் பெயரில் பேங்க் கணக்கு தொடங்கி அதில் போடுங்கள், கணக்கை அவருக்கே காட்டுங்கள். கருணைக்காக வைத்திருக்கிறோம் என்ற எண்ணம் வந்துவிட்டால், சரியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியமும் நம் மனசிலிருந்து போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தெரிந்திருப்பது நல்லது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகள் எல்லாம் வருகின்றன. ஏ.டி.ஹெச்.டி. (கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருக்கும் தன்மை) தனி வகையாக அதில் இல்லை, அது பெரிய குறை. அரசு வேலையில் உள்ள 4 சதவீத ஒதுக்கீட்டில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு உரியது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள், இவர்களுக்கு ஏற்ற பணியிடங்கள் எவை, இவர்களுக்கான தொடர்பு அலுவலர் யார் என்பதுவரை சம வாய்ப்புக் கொள்கையாக எழுதிவைக்க வேண்டும். அவ்வளவு பெரிய கடமை உங்கள் பட்டறைக்கு இல்லை. ஒதுக்கீட்டுக்கும் பல சலுகைகளுக்கும் 40 சதவீதக் குறைபாடு என்ற சான்று தேவை. ஆனால் அவரவர் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகளைக் கேட்பதற்கு அந்த 40 தடையாகக் கூடாது என்று 2021-இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. அந்தத் தம்பியிடம் மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. இல்லையென்றால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் கேட்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆட்டிசம் உள்ளவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, அதையும் குடும்பத்தார் கேட்டுக்கொள்ளட்டும்.

இங்கே சொன்னதெல்லாம் அப்படியே எல்லோருக்கும் பொருந்தாது. ஏ.டி.ஹெச்.டி. உள்ள ஒருவரை நாள் முழுக்க வளையம் கோக்க உட்காரவைத்தால் அவருக்கு அது தண்டனை. அவருக்கு வேலையை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும், நடுவில் எழுந்து நடமாட விட வேண்டும். டிஸ்லெக்சியா உள்ளவருக்கு எழுதிய சீட்டே சிக்கல், அவருக்கு வாய்ஸ் மெசேஜ் நல்லது. எடைச் சீட்டு எழுதாமல் நழுவுகிற ஆள் உங்கள் ஏழு பேரில் ஒருவர் இருந்தால், அவரைச் சோம்பேறி என்று நினைக்கும் முன் இதையும் யோசியுங்கள்.

வைத்துக்கொள்வது சரியா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அம்மா சொன்னது இருக்கிறது, ஆட்கள் சொன்னது இருக்கிறது, வியாபாரி முன் நடந்தது இருக்கிறது. இந்த வேலை பற்றி அந்தத் தம்பி என்ன நினைக்கிறார் என்பது எங்கேயும் இல்லை. அவரைக் கேட்காமல் எனக்குப் பதில் சொல்ல முடியாது. ‘வேலை பிடிச்சிருக்கா?’ என்று கேட்டால் ‘ம்’ என்பதற்கு மேல் வராது. எல்லோர் முன்னாலும் கேட்டால் அதுவும் வராது. ஒரு தாளில் பட்டறையில் நடக்கும் வேலைகளை வரிசையாக எழுதுங்கள்: கம்பி இழுப்பது, வளையம் வெட்டுவது, கோப்பது, சலங்கை மாட்டுவது, எடை போடுவது, பாக்கெட் போடுவது. எதைச் செய்ய விருப்பம், எது வேண்டவே வேண்டாம் என்று குறித்து வரச் சொல்லி வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். பட்டறையில் எது தொந்தரவு, எந்த நேரம் கஷ்டம் என்றும் கீழே எழுத இடம் விடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி. பேச்சில் வராதது எழுத்தில் வருவதை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

அவர் வேண்டும் என்றால், பலகை, சீட்டு, சொல்லிக்கொடுக்க ஒருவர், மோட்டாருக்கு நேரம் இவ்வளவையும் செய்து, மூன்று மாதம் நடத்திப் பாருங்கள். எத்தனை ஜோடி முடிகிறது, எத்தனை பிரித்துத் திரும்பக் கோக்க வேண்டிவருகிறது என்று வாரம் ஒரு முறை குறித்துவைத்து, அவரோடு உட்கார்ந்தே பாருங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் அதையும் மதியுங்கள். எடை போடுவதில் அவருக்கு இருக்கும் கவனத்துக்கு வேறு கடையிலோ கிடங்கிலோ வேலை தேடலாம், உங்கள் வாயால் ஒரு சிபாரிசு பெரிய உதவியாக இருக்கும்.

இந்தப் பதிலை அவருக்கும் படிக்கக் கொடுங்கள். நான் எழுதியதில் எது தப்பு என்று அவருக்குத் தோன்றினால் நேரடியாக எனக்கு எழுதட்டும், அவருக்குத் தனியாகவே பதில் எழுதுகிறேன்.